கண்ணுக்குக் கீழே ஒரு பல்

எனக்குப் பார்வை உள்ளது ஒரு கண்ணில்தான், வலது கண். இடது கண் முகத்தில் இருக்கிறது, பார்க்காது. ஏழு வயதில் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடி, பிடுங்கப் போன இடத்தில், முன்னால் பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாவின் கையிலிருந்து ஒரு மார் தெறித்து வந்து கருவிழியில் குத்திவிட்டது. அப்போது பக்கத்து வீட்டு அக்கா பிள்ளை பெற்றிருந்தாள். அவளிடம் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணில் தாய்ப்பால் விட்டார்கள். காலையும் சாயந்தரமும் மூன்று நாள். "ஒண்ணும் ஆகாது, பால் விட்டா ஆறிரும்" என்று வந்து பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நாலாம் நாள் கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது.

அதிலிருந்து யாராவது "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் எனக்குப் பயம் அங்கேதான் தொடங்கும். சொல்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்வார்கள். அன்றைக்குச் சொன்னவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். ஆபீஸ் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம், குச்சி அடைக்கிற இடத்தை. ஒரு கண் போதும் அந்த வேலைக்கு. கல்யாணமாகிப் பசுவந்தனைப் பக்கம் ஒரு ஊருக்கு வந்தபின் காட்டு வேலை. எல்லாம் மானாவாரி. உளுந்து, பாசி, மக்காச்சோளம். மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் இல்லை. அதையெல்லாம் நினைத்து நான் கவலைப்பட்டதே கிடையாது. என் கவலை எல்லாம் இந்த ஒரு கண்ணைப் பற்றித்தான். களத்தில் தூசி தூற்றினால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பிள்ளைகள் பம்பரம் விட்டால் வீட்டுக்குள் போய்விடுவேன். அடுப்பில் கடுகு வெடித்தால் கூட எனக்கு ஒரு நொடி மூச்சு நிற்கும். இதை வைத்து என் வீட்டுக்காரர் கேலி பண்ணாத நாள் இல்லை.

"ஏட்டி, உன் கண்ணுக்குக் காவலுக்கு ஒரு ஆள் போட்டிருவமா?" என்பார்.

ஆபத்து வெளியே இருந்துதான் வரும் என்று நாற்பது வருஷம் வெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வாய்க்குள் உட்கார்ந்திருந்தது.

போன மார்கழியில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தோம். காலையில் பனி. குடத்துத் தண்ணீரை வாயில் ஊற்றினதும் மேலே வலது பக்கம் கோரைப்பல்லில் ஊசி குத்தின மாதிரி ஒரு தெறிப்பு. கோரைப்பல் எங்கே இருக்கிறது என்று கண்ணாடியில் பாருங்கள். அதிலிருந்து மேலே ஒரு கோடு இழுத்தால் நேரே கண்ணில் போய் முட்டும். தெறிப்பும் அப்படித்தான் போனது. பல்லில் தொடங்கி, மூக்கு ஓரமாக ஏறி, கண்ணுக்குக் கீழே போய் நின்றது. நான் உளுந்துச் செடியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும். இதை எனக்கு யார் எப்போது சொன்னார்கள் என்று ஞாபகம் இல்லை. எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அதிலும் கோரைப்பல் என்றால் தொடவே கூடாது, கண் நரம்பு அதில்தான் கட்டியிருக்கிறது என்பார்கள்.

அதனால் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். மெடிக்கலில் போய், "அண்ணாச்சி, பல்லுவலிக்கு ஒரு செட் குடுங்க" என்றேன். செட் என்றால் மூன்று நான்கு மாத்திரையைப் பிரித்துக் காகிதக் கவரில் போட்டுத் தருவது. என்ன மாத்திரை, எதற்கு என்று நாமும் கேட்க மாட்டோம். ரோஸ் கலரில் ஒன்று, வெள்ளையில் இரண்டு, கேப்சூல் என்கிற குப்பி மாத்திரை ஒன்று. மூன்று வேளை போட்டேன், வலி போய்விட்டது. பன்னிரண்டு நாள் ஒன்றும் இல்லை. திரும்ப வந்தது. இன்னொரு செட். அது எட்டு நாள் தாங்கியது. அடுத்த செட் நாலு நாள்.

பன்னிரண்டு, எட்டு, நாலு. அடுத்தது என்னவென்று கணக்குப் போட ஏழாம் வகுப்பே போதும்.

"பிடுங்கிப் போட்டுட்டு நிம்மதியா இரேன்," என்றார் வீட்டுக்காரர். "முப்பத்திரண்டு பல்லு வச்சு நீ என்ன கரும்பா கடிக்கப் போற?"

"மேல் பல்லு," என்றேன். "கோரைப்பல்லு. கண்ணுக்கு நேர் கீழ."

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அவருக்கும் தெரியும் அந்தப் பேச்சு.

பக்கத்து வீட்டில் அவருடைய அக்கா இருக்கிறார்கள், எனக்கு மதினி. அவர்களிடம் கேட்டேன். "தொடாத. தொடவே தொடாத," என்றார்கள். "எங்க பெரியம்மா மக மேல் பல்லைப் பிடுங்கிட்டு வந்தா. ஆறு மாசத்துல கண்ணாடி போட்டுட்டா தெரியுமா?"

"அவளுக்கு அப்ப என்ன வயசு மதினி?"

"அது இருக்கும், அம்பது."

ஐம்பது வயதில் எல்லாரும்தான் கண்ணாடி போடுகிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

தை கடைசியில் ஒருநாள் வலி தாங்காமல் கோவில்பட்டிக்குப் போனோம். பஸ்ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு பல் ஆஸ்பத்திரி. நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரி என்றால் வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும் என்று நானாக முடிவு பண்ணிக்கொண்டேன், சுகர் டெஸ்ட்டுக்குப் போகிற மாதிரி. படி ஏறுவதற்குள் கண்ணைக் கட்டியது. ஒரு கண் உள்ளவளுக்குக் கண்ணைக் கட்டினால் எப்படி இருக்கும்! கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இதுதான் தொடக்கமோ, பல்லைத் தொடுவதற்கு முன்னாலேயே போகிறதோ என்று நினைத்தேன். வீட்டுக்காரர் கீழே போய் ஒரு டீயும் பன்னும் வாங்கி வந்து தின்ன வைத்தார்.

மேலே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எதிரே கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டின ஒரு பெரியவர். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வெள்ளைக் கண்ணை எல்லாரும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள். இவர் திரும்பவில்லை.

"தாயி, உனக்கு மேல் பல்லா கீழ்ப் பல்லா?" என்றார்.

"மேல் பல்லு ஐயா."

"ஏற்கெனவே ஒண்ணு பிடுங்கியிருக்கியோ?"

"இல்லையே."

"பின்ன அது?" என்று தன் இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"இது பருத்திமார் குத்துனது ஐயா. சின்னப்பிள்ளையில."

அவர் தலையை ஆட்டினார். நம்பினவர் ஆட்டுகிற மாதிரி இல்லை அது. கொஞ்ச நேரம் கழித்து, "கீழ வண்டியைப் பூட்டாம வந்துட்டேன்" என்று எழுந்து போனார். கவுண்டரில் இருந்த பிள்ளை அவர் பேரை மூன்று முறை கூப்பிட்டது. அவர் திரும்பி வரவே இல்லை.

வீட்டுக்காரர் என் காதில் சொன்னார், "இன்னும் ரெண்டு பேரை இப்படிப் பாத்தன்னு வையி, டாக்டர் கடையைச் சாத்திருவாங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நினைத்தது பொய்தான் என்று எனக்கே தெரிந்தாலும், அந்தப் பெரியவர் என் முகத்தில் எதைப் பார்த்துவிட்டு ஓடினாரோ அதை நானும் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

கவுண்டர்ப் பிள்ளை ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டது. சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, எந்த மாத்திரையும் ஒத்துக்காம உடம்பு தடிச்சிருக்கா, இதுக்கு முன்னால பல்லுக்கு மருந்து சாப்பிட்டிருக்கீங்களா. கடைசிக் கேள்விக்கு "இல்ல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? திட்டுவார்கள் என்று பயம். வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரைப் பார்த்தாலும் எனக்குப் பள்ளிக்கூடத்து டீச்சரைப் பார்த்த மாதிரிதான். கேட்டால் முதலில் வாயில் வருவது "இல்ல."

டாக்டரம்மா சின்ன வயது. என் மகள் வயதுதான் இருக்கும். நாற்காலியைச் சாய்த்து, லைட்டை இறக்கி, வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்கள். படம் எடுத்துக் காட்டினார்கள். பல்லின் வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம், உளுந்து அளவு.

"இது சீழும்மா. ரொம்ப நாளா இருக்கு. முதல்ல அஞ்சு நாளைக்கு மாத்திரை தர்றேன். வெள்ளிக்கிழமை வாங்க. வேரைச் சுத்தம் பண்ணிப் பல்லைக் காப்பாத்த முடியுதான்னு பாக்குறேன். முடியலைன்னா எடுத்திருவோம்."

நான் பஸ்ஸில் வரும்போதே கேள்விகளை மனசில் அடுக்கி வைத்திருந்தேன். "ஊசி எங்கன போடுவீங்க டாக்டர்?"

"ஈறுல."

"அது மேல ஏறுமா?"

"மேலன்னா?"

"கண்ணுக்கு."

"ஏறாதும்மா. பல்லு இருக்குற இடம் மட்டும் மரத்துப்போகும். ரெண்டு மூணு மணி நேரத்துல சரியாயிரும்."

"பிடுங்கும்போது வலிக்குமா?"

"அமுக்குற மாதிரி தெரியும். வலிக்காது."

"ரத்தம் நிக்காமப் போயிட்டுன்னா?"

"பஞ்சு வச்சு அரை மணி நேரம் கடிச்சிருந்தா நின்னுரும்."

"அன்னைக்கே பஸ்ல போலாமா?"

"போலாம்."

"சாப்பிட்டுட்டு வரணுமா, வெறும் வயித்தோடயா?"

"நல்லாச் சாப்பிட்டுட்டு வாங்க. பாதிப் பேரு சாப்பிடாம வந்து இங்க மயங்கி விழுறாங்க." வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

கடைசியாகக் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "கோரைப்பல்லைப் பிடுங்குனா கண்ணு போயிரும்ங்காங்களே டாக்டர்? எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

அவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு என் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்கள். "கண்ணுக்குப் போற நரம்பு வேற, பல்லுக்குப் போற நரம்பு வேறம்மா. பல்லை எடுத்தா கண்ணு போகாது. இந்தச் சீழை இப்படியே விட்டாத்தான் பயம். அது மேல ஏறுச்சுன்னா கண்ணுக்குப் பக்கத்துல போயிரும். எடுக்குறதால ஒண்ணும் ஆகாது."

இவ்வளவு தெளிவாகச் சொன்னார்கள். இன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் காதில் விழுந்து தங்கினது கடைசி வார்த்தை மட்டும்தான். ஒண்ணும் ஆகாது.

மாத்திரையை இரண்டு நாள் போட்டேன். வலி போயே போய்விட்டது. குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தேன், முறுக்குக் கடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சரி, வலி இல்லாதபோது எதற்கு மாத்திரை என்று மிச்சத்தைப் பவுடர் டப்பாவில் போட்டு வைத்தேன், அடுத்து வலி வந்தால் ஆகட்டும் என்று. வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்காரர் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"கிளம்பலையா?"

"போன் பண்ணிக் கேட்டேன். டாக்டரம்மா ஊருக்குப் போயிருக்காங்களாம். வந்ததும் சொல்லுதேன்னாங்க."

நான் போனும் பண்ணவில்லை, ஒன்றும் பண்ணவில்லை. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மக்காச்சோளக் காட்டுக்குப் போனார். நான் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. நெருப்பை மிதிக்காமல் தாண்டி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

பதினோரு நாள் கழித்துக் கன்னம் வீங்கியது. டப்பாவில் இருந்த மாத்திரையை எடுத்துப் போட்டேன். கேட்கவில்லை. மதினி வந்து பார்த்துவிட்டு, "உப்பு ஒத்தடம் குடு, வத்திப்போகும்" என்றார்கள். கல் உப்பைச் சட்டியில் போட்டுச் சடசடவென்று பொரிகிற வரை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, கன்னத்தில் வைத்து வைத்து எடுப்பது. சுளுக்கு, வீக்கம், அடிபட்டது எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அதுதான். மதினி பக்கத்திலேயே உட்கார்ந்து, முடிச்சைத் தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் என் கன்னத்தில் வைப்பார்கள். அவ்வளவு பதமாகச் செய்தார்கள். வைக்கிறபோது சுகமாக இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. காலையில், மத்தியானம், சாயந்தரம் என்று வைத்தோம்.

மறுநாள் கண்ணாடி பார்த்தேன். கன்னத்தில் இருந்த வீக்கம் அங்கே இல்லை. குறைந்துவிட்டது என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், அது இடம் மாறியிருந்தது. மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் நிரம்பி மேடாகி, கண்ணுக்குக் கீழே தோல் பளபளவென்று, ஊற வைத்த உளுந்து மாதிரி உப்பியிருந்தது.

"மேல போகுதே மதினி," என்றேன்.

"பழுக்குதுட்டி. பழுத்து உடைஞ்சாத்தான் சரியாகும். இன்னும் கொஞ்சம் சூடா வைப்போம்."

வைத்தோம். அன்றைக்குச் சாயந்தரம் கீழ் இமை தடித்து, பார்வை பாதியாகிவிட்டது. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். தெருவில் போகிறவர்களின் தலை தெரிந்தது, கால் தெரியவில்லை. வீட்டுக்காரர், "ஆஸ்பத்திரிக்குப் போவோம்ட்டி" என்றார். "காலைல பாப்போம்" என்றேன். போனால் பிடுங்கிவிடுவார்கள் என்கிற பயம் அப்போதும் போகவில்லை. கண் மூடிக்கொண்டு வருகிறது, நான் பல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் முழிப்பு வந்தது. இருட்டாக இருந்தது. இன்னும் விடியவில்லை போல என்று படுத்திருந்தேன். வெளியே பால் வண்டிச் சத்தம் கேட்டது. யாரோ வாசல் பெருக்கினார்கள். மதினி வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"ஏங்க," என்றேன். "விடிஞ்சிட்டா?"

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"மணி எட்டாகப் போவுது," என்றார்.

நான் கத்தவில்லை. கத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர் இரண்டு விரலால் என் இமையைப் பிரித்தார். சிவப்பாக, கலங்கலாக ஒரு வெளிச்சம் வந்தது. "தெரியுதாட்டி? நான் தெரியுதனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "வெளிச்சம் தெரியுது" என்றேன். விரலை எடுத்தார். மறுபடியும் இருட்டு.

ஊரில் ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனோம். அந்தப் பாதையில் ஆயிரம் தடவை போயிருப்பேன். அன்றைக்குத்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. எங்கே வளைவு, எங்கே பள்ளம் என்று உடம்புதான் சொன்னது. ஒரு இடத்தில் வெல்லப்பாகு வாசனை அடித்தது. கடலைமிட்டாய் போடுகிற தெரு, ஊருக்குள் வந்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டேன். இனிமேல் கோவில்பட்டி எனக்கு இப்படித்தானோ என்று நினைத்தேன்.

மாடிப் படியில் அவர் கையைப் பிடித்து ஏற்றினார். டாக்டரம்மா என்னை நாற்காலியில் உட்கார வைக்கக்கூட இல்லை. நின்றபடியே முகத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"வெளியில சூடு ஏதும் வச்சீங்களா? ஒத்தடம் மாதிரி?"

"இல்ல," என்றேன்.

எனக்கு இருட்டு. அவர்கள் முகம் தெரியாது. ஆனாலும் அந்த வார்த்தை தானாக வந்தது.

வீட்டுக்காரர்தான் உண்மையைச் சொன்னார். "ரெண்டு நாளா உப்பு வறுத்து வச்சோம் டாக்டர். ஒரு நாளைக்கு மூணு தடவை."

"ஐயோ, வெளியில சூடு வைக்கவே கூடாதே! உள்ள இருக்குற சீழை அது வெளிப்பக்கமா இழுத்து விட்டுரும். அன்னைக்கு வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்ல, ஏன் வரலை?"

"நீங்க ஊருக்குப் போயிருக்கீங்கன்னு..." என்று இழுத்தார் வீட்டுக்காரர்.

"நான் எங்கயும் போகலையே."

அவர் என் கையைப் பிடித்திருந்தார். அந்தக் கை இறுகும், அல்லது விட்டுவிடும் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. அப்படியே இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

டாக்டரம்மா யாருக்கோ போன் பண்ணிப் பேசினார்கள். சீட்டு எழுதிக் கொடுத்து, திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரிக்கு இப்போதே போகச் சொன்னார்கள். "வழியில எங்கயும் நிக்காதீங்க. வீட்டுக்குப் போய் துணி எடுத்துட்டு வாரேன்னு போயிராதீங்க" என்று வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னார்கள். அந்த இரண்டாவது தடவையில்தான் எனக்கு விஷயத்தின் கனம் தெரிந்தது.

திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு டாக்டர் வந்து பேசினார். குரலை வைத்துப் பார்த்தால் அவரும் சின்னப் பையன்தான். கண்குழி ஓரம் வரைக்கும் வீக்கம் ஏறியிருக்கிறது, இன்றைக்கே சீழை எடுக்க வேண்டும், பல்லையும் எடுக்க வேண்டும் என்றார்.

"கண்ணு போயிருமா டாக்டர்?"

"பாப்போம்மா," என்றார். "இப்பவே செஞ்சா காப்பாத்துறதுக்கு வழி இருக்கு. உறுதியாச் சொல்ல மாட்டேன்."

விசித்திரம்தான், அந்தப் பேச்சை நான் நம்பினேன். என் வாழ்க்கையில் கண்ணைப் பற்றி என்னிடம் "உறுதியாச் சொல்ல மாட்டேன்" என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். "செய்யுங்க" என்றேன். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். பேனா தாளில் கீறுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அவருக்கும் எழுத்து அவ்வளவாக ஓடாது.

ஈறில் ஊசி போட்டார்கள். எறும்பு கடித்த மாதிரி இரண்டு இடத்தில் சுருக்கென்றது, பிறகு மரத்துவிட்டது. உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதடோ மாதிரி இருந்தது. டாக்டரம்மா சொன்ன மாதிரியே அமுக்குவது மட்டும் தெரிந்தது, வலிக்கவில்லை. உள்ளே கீறினதும் ஒரு நாற்றம் வந்தது. செத்த எலி நாற்றம். அது எனக்குள்ளே இருந்து வருகிறது என்பதை நம்ப முடியவில்லை. அப்புறம் டக்கென்று ஒரு சத்தம். ஏதோ தட்டில் விழுந்தது.

"அவ்வளவுதாம்மா."

அவ்வளவுதான். மார்கழியில் இருந்து நான் பயந்துகொண்டிருந்தது பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு நிம்மதி வரவில்லை. பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், பயப்பட வேண்டாததற்குப் பயந்து இங்கே வந்து படுத்திருக்கிறேன். வேறு எதெதற்கெல்லாம் இப்படித் தப்பாகப் பயந்துகொண்டிருக்கிறேனோ என்று யோசிக்கத் தொடங்கினால் முடிவே இல்லை.

கையில் ஊசியைக் குத்தி மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாள் இருட்டிலேயே கிடந்தேன். வீட்டுக்காரர் இட்லியைப் பிய்த்து ஊட்டுவார். மதினி போன் பண்ணினார்கள். ஹலோ என்றதும் அழுதுவிட்டார்கள். "நான்தானே வச்சேன், நான்தானே வச்சேன்" என்றார்கள். "நீங்க என்ன மதினி செய்வீங்க, வெள்ளிக்கிழமை போகாதது நான்தானே" என்றேன். பக்கத்தில் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துதான் சொன்னேன். அவரிடம் நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் டம்ளரைக் கழுவ எழுந்து போனார்.

மூன்றாம் நாள் காலை. வீக்கம் இறங்கி இமை தானாகவே ஒரு கீற்று திறந்தது. கண் டாக்டர் ஒருவர் வந்தார். நடுவயதுக்காரர். இமையை மெல்லத் தூக்கிவிட்டு விரலைக் காட்டினார்.

"எத்தனை?"

"மூணு."

"இப்ப?"

"ஒண்ணு."

ஒரு பேனா மூடியைக் காட்டினார். "என்ன கலர்?"

"சிகப்பு."

கட்டில் கால்மாட்டில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். மூன்று நாள் தாடி. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ரெண்டு கையையும் சேர்த்து யாரையோ கும்பிட்டார். டாக்டர் எழுதிக்கொண்டே, "நல்லாத் தெரியுதுல்ல? வேற ஏதும் தொந்தரவு இல்லையே?" என்றார்.

இல்ல என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சொல்லியிருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். வீட்டுக்காரர் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்திருக்கும். ஒருவேளை மறுநாளே வீட்டுக்கும் போயிருக்கலாம்.

"இருக்கு டாக்டர்," என்றேன். "கீழ்ப்பக்கம், மூக்கு ஓரமா, புகை மாதிரி இருக்கு. நீங்க கையை அங்கன கொண்டுவந்தா விரல் தெரியல."

அவர் எழுதுவதை நிறுத்தினார். பேனா மூடியை மறுபடியும் எடுத்து மேலே, பக்கத்தில், கீழே என்று மெல்ல நகர்த்தினார். "எங்க மறையுதுன்னு சொல்லுங்க." சொன்னேன். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். இருவரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். அந்த இங்கிலீஷில் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் ரொம்ப நேரம் பேசினார்கள் என்பது புரிந்தது. கால்மாட்டில் வீட்டுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஊசி மருந்தை மாற்றினார்கள். இன்னும் எட்டு நாள் வைத்திருந்தார்கள். புகை குறைந்தது. போகவில்லை. "சொல்லாம இருந்திருந்தா நாங்களும் அனுப்பியிருப்போம்" என்றார் கண் டாக்டர், வீட்டுக்கு அனுப்புகிற அன்று. அப்படி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேள்விகளை அடுக்கிக்கொண்டு போகிற எனக்கு அதைக் கேட்க மட்டும் நாக்கு எழவில்லை. மிச்சப் புகை தானாகப் போனாலும் போகலாம், அப்படியே நின்றாலும் நிற்கலாம், கூடினால் அன்றைக்கே வரவேண்டும் என்றார். "மறுநாள்னு தள்ளிப் போடக் கூடாது."

வீட்டுக்கு வந்த பிறகு அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவை பேசினார். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, முதுகைக் காட்டிக்கொண்டே, "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்லாட்டி" என்றார். அவ்வளவுதான். அதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

இப்போது நாலு மாதம் ஆகிறது. நடுவில் ஒருநாள் புகை மறைத்துப் படியில் கால் தவறிவிட்டது. அன்றைக்கே சொன்னேன், அன்றைக்கே கூட்டிப் போனார். மாறவில்லை என்று அனுப்பினார்கள். தினமும் காலையில் காட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "கூடியிருக்கா?" என்று கேட்கிறார். "அப்படியேதான் இருக்கு" என்பேன். அப்புறம்தான் செருப்பை மாட்டுவார்.

நேற்றும் கேட்டார். நான் எதிர்த்த சுவரில் ஒரு இடத்தைப் பார்த்தபடி நின்று, புகை எதுவரைக்கும் வருகிறது என்று பார்த்தேன். வானம் மூட்டமாக இருந்தது. அதனால் அப்படித் தெரிகிறதா, நிஜமாகவே ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன்.

"தெரியலைங்க," என்றேன். "பயமா இருக்கு."

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சட்டையை எடுக்க உள்ளே போனார்.